குழந்தையைப் பரிசோதிக்க நீதிமன்ற ஆணை: இங்கிலாந்தின் சமூகப் பணியாளர்கள் எப்போது கேட்கிறார்கள்?

ஒரு வீட்டில் குழந்தைக்குத் தீங்கு நடக்கிறதோ என்று கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) சமூகப் பணியாளருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை. குழந்தையை ஒரு முறை முறையாகப் பரிசோதித்தால் தெரிந்துவிடும். ஆனால் பெற்றோர் மறுக்கிறார்கள், அல்லது "சரி, அடுத்த வாரம்" என்று நாளைக் கடத்துகிறார்கள். அதே சமயம், இன்று இரவே குழந்தையை அங்கிருந்து வெளியே கொண்டுவர வேண்டும் என்று சொல்லுமளவுக்கு எதுவும் கண்ணில் படவில்லை. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும் 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தில் 43ஆம் பிரிவு இந்த நிலைமைக்காகவே இருக்கிறது. அதன்படி நீதிமன்றம் பிறப்பிப்பது குழந்தை மதிப்பீட்டு ஆணை. அதிகபட்சம் ஏழு நாள். குழந்தையை வீட்டிலிருந்து பிரிப்பது இதன் நோக்கமே கிடையாது. குழந்தையின் உடல்நிலை, வளர்ச்சி, அதை நடத்தும் விதம் ஆகியவற்றைப் பார்த்துச் சொல்ல வழிசெய்வதுதான் நோக்கம்.

இந்த ஆணை நடைமுறையில் மிக அரிதாகவே கேட்கப்படுகிறது. குழந்தையைக் கவுன்சிலின் பொறுப்பில் ஒப்படைக்கும் பராமரிப்பு ஆணைக்கும், உடனடி ஆபத்திலிருந்து சில நாள் காக்கும் அவசரப் பாதுகாப்பு ஆணைக்கும் தீர்ப்புகள் குவிந்து கிடக்க, இதற்கு மேல்முறையீட்டு அளவில் சொல்லும்படி இருப்பவை சொற்பம். வீட்டில் தீவிரவாதக் கருத்துகளின் தாக்கம் பிள்ளைகள்மேல் இருக்கிறதோ என்ற ஐயத்தில் கேட்கப்பட்ட ஓர் ஆணையை 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விரிவாக ஆராய்ந்தது. சட்டம் வந்து முப்பது ஆண்டுகள் நெருங்கும்போதுதான் அது நடந்தது. அரிதாகக் கேட்கப்படுவதாலேயே பல சமூகப் பணியாளர்கள் இதைச் சரியாக எடைபோடப் பழகுவதில்லை. தேவையான இடத்தில் மறந்துவிடுகிறார்கள், தேவையில்லாத இடத்தில் பாதுகாப்பான நடுவழி என்று நினைத்துக் கையில் எடுக்கிறார்கள்.

இது பிறந்த கதை

1986 ஜூன் மாதம் தென்கிழக்கு லண்டனின் கிரீன்விச் பகுதியில் கிம்பர்லி கார்லைல் என்ற நான்கு வயதுச் சிறுமி, தாயின் துணைவரால் அடித்துக் கொல்லப்பட்டாள். அதற்குச் சில மாதங்களுக்கு முன் வீட்டுக்குப் போன சமூகப் பணியாளருக்கு அவளை அருகில் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. கதவின் மேல்பகுதியில் இருந்த சிறு கண்ணாடி வழியாகப் பார்க்க மட்டுமே விட்டார்கள். லூயிஸ் ப்ளோம்-கூப்பர் தலைமையிலான விசாரணைக் குழு 1987இல் தன் அறிக்கையைத் தந்தது. ஒத்துழைக்க மறுக்கும் பெற்றோர் குழந்தையை மருத்துவப் பரிசோதனைக்குக் கொண்டுவரும்படி ஆணையிட ஒரு வழி வேண்டும் என்ற யோசனை அங்கிருந்துதான் வலுப்பெற்றது.

அதே 1987இல் வடகிழக்கு இங்கிலாந்தின் கிளீவ்லாந்தில் நேர்மாறான ஒன்று நடந்தது. பாலியல் கொடுமை நடந்திருக்கலாம் என்ற மருத்துவ முடிவின்பேரில் சில மாதங்களுக்குள் 121 குழந்தைகள் இந்தச் சிக்கலுக்குள் இழுக்கப்பட்டார்கள். பலர் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டார்கள். அப்போதிருந்த 'பாதுகாப்பிட ஆணை' ஒன்றை வைத்து 28 நாள்வரை குழந்தையை வெளியே வைத்திருக்க முடிந்தது. எலிசபெத் பட்லர்-ஸ்லாஸ் தலைமையிலான விசாரணையின் அறிக்கை 1988இல் வந்தது.

ஒரு பக்கம் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்த அலுவலர், மறுபக்கம் பரிசோதித்த கையோடு பிரிக்கப்பட்ட பிள்ளைகள். 1989 சட்டத்தை எழுதியவர்கள் இரண்டையும் முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதினார்கள். சட்டம் 1991 அக்டோபர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. பழைய ஆணைக்குப் பதிலாக எட்டு நாள் அவசரப் பாதுகாப்பு ஆணை வந்தது. அதற்கும் கீழே, அதைவிட லேசான படியாக, மதிப்பீட்டு ஆணை சேர்க்கப்பட்டது.

மூன்று நிபந்தனைகள்

மனுப் போடக்கூடியவர் இருவர்தான்: உள்ளாட்சிக் கவுன்சில், மற்றும் சட்டம் அங்கீகரித்த அமைப்பான என்எஸ்பிசிசி என்ற குழந்தைப் பாதுகாப்புத் தொண்டு நிறுவனம். நடைமுறையில் பெரும்பாலும் கவுன்சில்தான் போடுகிறது. நீதிமன்றம் மூன்று விஷயங்களில் திருப்தியடைய வேண்டும். குழந்தை கணிசமான தீங்குக்கு உள்ளாகிறது, அல்லது உள்ளாகக்கூடும் என்று சந்தேகிக்க மனுதாரருக்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும். அந்தச் சந்தேகம் சரியா தவறா என்று தீர்மானிக்க மதிப்பீடு தேவைப்பட வேண்டும். ஆணை இல்லாமல் அப்படி ஒரு மதிப்பீடு நடக்காது, அல்லது திருப்தியாக நடக்காது என்ற நிலை இருக்க வேண்டும்.

முதல் நிபந்தனையில் 'சந்தேகிக்க' என்ற சொல்லே அடிப்படை. 47ஆம் பிரிவின் கீழ் கவுன்சில் குழந்தைப் பாதுகாப்பு விசாரணையைத் தொடங்கவும் இதே அளவு போதும். அவசரப் பாதுகாப்பு ஆணைக்கும் இடைக்காலப் பராமரிப்பு ஆணைக்கும் 'நம்புவதற்கு' நியாயமான காரணம் வேண்டும். இறுதிப் பராமரிப்பு ஆணைக்கு நடந்ததை நிரூபிக்கவே வேண்டும். ஆக, கையில் இருப்பது சந்தேகம் மட்டும், அவசரமும் இல்லை என்றால் சட்டம் திறந்துவைத்திருக்கும் ஒரே கட்டாய வழி இதுதான். ஆனால் "எனக்கு மனசு சரியில்லை" என்பது நியாயமான காரணமாகாது. எந்தத் தேதியில், யார், எதைப் பார்த்தார்கள் அல்லது கேட்டார்கள் என்று சொல்ல முடிய வேண்டும்.

இரண்டாவது நிபந்தனையில்தான் பல மனுக்கள் பலவீனமாகின்றன. "குழந்தையை மதிப்பிட வேண்டும்" என்று எழுதினால் போதாது. எந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை, அந்த விடை வந்தால் அடுத்த முடிவு எப்படி மாறும் என்று எழுத வேண்டும். விடை எப்படி வந்தாலும் கவுன்சில் செய்யப்போவது ஒன்றுதான் என்றால் மதிப்பீடு 'தேவைப்படுகிறது' என்று வாதிட முடியாது. ஏற்கெனவே ஆதாரம் கையில் இருந்தால் பராமரிப்பு ஆணைக்கே போக வேண்டும். அங்கே இடைக்கால ஆணையோடு 38ஆம் பிரிவின் கீழ் மதிப்பீட்டுக்கான உத்தரவையும் நீதிமன்றம் தர முடியும், ஏழு நாள் எல்லையும் இல்லை.

மூன்றாவது நிபந்தனையில் 'திருப்தியாக நடக்காது' என்ற பகுதியைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. அது அரைகுறை ஒத்துழைப்புக்கானது. கதவைச் சாத்துகிற பெற்றோரைவிட, சிரித்த முகத்தோடு தேநீர் கொடுத்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டி, ஒவ்வொரு மருத்துவ நேரத்தையும் தவறவிடுகிற பெற்றோர்தான் குழந்தைப் பாதுகாப்பில் ஆண்டுக்கணக்கில் தாமதத்தை உண்டாக்குகிறார்கள். முழு மறுப்பு இல்லையே என்று சமூகப் பணியாளர் காத்திருப்பார். சட்டம் முழு மறுப்பைக் கேட்கவே இல்லை.

அவசரமா, இல்லையா?

43ஆம் பிரிவிலேயே ஒரு தடை இருக்கிறது: அவசரப் பாதுகாப்பு ஆணைக்கு ஆதாரம் இருக்கிறது, அதைத்தான் பிறப்பிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கருதினால், மதிப்பீட்டு ஆணையைப் பிறப்பிக்கக் கூடாது. மதிப்பீட்டுக்கான மனுவையே அவசர மனுவாக எடுத்துக்கொள்ளவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. எதிர்த்திசையிலும் எச்சரிக்கை உண்டு. 2004இல் நீதிபதி மன்பி தந்த ஒரு தீர்ப்பு, குழந்தையைப் பரிசோதிப்பதுதான் கவுன்சிலின் உண்மையான நோக்கம் என்றால் அவசர ஆணைக்குப் போகும் முன் 43ஆம் பிரிவு போதுமா என்று பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தியது.

ஆகவே முதலில் பிரிக்க வேண்டியது இதை: குழந்தை இப்போது எங்கே இருக்கிறது, யாராவது சமீபத்தில் கண்ணால் பார்த்தார்களா? ஹெல்த் விசிட்டரோ (சிறு குழந்தைகளின் வளர்ச்சியைக் கவனிக்கும் செவிலியர்) பள்ளி ஆசிரியரோ நேற்றுப் பார்த்தார், நடமாடுகிறது, ஆனால் எடை குறைந்துகொண்டே போகிறது என்றால் அது மதிப்பீட்டு ஆணையின் எல்லைக்குள் வரும். மூன்று வாரமாக யாருமே பார்க்கவில்லை, கதவு திறக்கவில்லை, முன்பு அடிபட்ட தடம் இருந்தது என்றால் 43ஆம் பிரிவைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. அங்கே 44ஆம் பிரிவின் அவசர ஆணை இருக்கிறது. விசாரணைக்குத் தடையாகக் குழந்தையைப் பார்க்க விடாமல் மறுப்பதே, அவசரத் தேவையோடு சேர்ந்தால், அதற்குப் போதிய காரணமாகும். இன்னும் அவசரம் என்றால் காவல்துறை 46ஆம் பிரிவின் கீழ் 72 மணி நேரம்வரை குழந்தையைப் பாதுகாப்பில் வைக்கலாம்.

மதிப்பீட்டு ஆணையால் முடியாதவற்றையும் முதலிலேயே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் புகும் அதிகாரம் அது தராது. குழந்தையைத் தேடிப் பிடிக்கும் அதிகாரம் தராது. பெற்றோருக்குரிய பொறுப்பு கவுன்சிலுக்கு மாறாது. அவசர ஆணையில் அது ஓரளவு வந்துசேரும். பெற்றோருக்குத் தெரியாமல் இந்த ஆணையைக் கேட்கவும் முடியாது. ஏழு நாள் முன்னறிவிப்பு கொடுத்து, அவர்கள் வந்து வாதாட இடம் தர வேண்டும். அந்த ஏழு நாளில் குழந்தையைக் கண்காணாத இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று உண்மையாகவே அஞ்சக் காரணம் இருந்தால், மதிப்பீட்டு ஆணை பொருந்தாது என்பதற்கு அதுவே நல்ல அடையாளம்.

ஓர் எடுத்துக்காட்டு

இந்த முடிவு எப்படி உருவாகிறது என்று காட்ட ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டரை வயதுப் பையன். பிறந்தபோது எடை, வளர்ச்சி அட்டவணையில் 50ஆவது சதமானக் கோட்டில் இருந்தது; அதாவது அதே வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு ஐம்பது பேர் அதைவிட எடை குறைந்தவர்கள். 'ரெட் புக்' என்று எல்லாரும் சொல்லும் நலப் பதிவேட்டில் ஒரு வயதில் 25ஆவது கோடு. இப்போது ஹெல்த் விசிட்டர் நிறுத்துப் பார்த்ததில் 2ஆவது கோடு. பிரிட்டனில் பயன்படுத்தும் அட்டவணையில் கோடுகள் 50, 25, 9, 2 என்று இறங்கும். அதாவது மூன்று இடைவெளி சரிந்திருக்கிறது. 9ஆவது கோட்டுக்கும் 91ஆவது கோட்டுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த குழந்தை இரண்டோ அதற்கு மேலோ இடைவெளி இறங்கினால் வளர்ச்சிக் குறைபாடு என்று கவனிக்க வேண்டும் என்பது 2017இல் வந்த தேசிய மருத்துவ வழிகாட்டுதல்.

இது மட்டும் தீங்குக்கு ஆதாரமாகாது. கோதுமையிலுள்ள குளூட்டன் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் இருக்கலாம், தைராய்டு குறையாக இருக்கலாம், விழுங்குவதில் சிக்கல் இருக்கலாம். சோறு போதவில்லை என்பதாகவும் இருக்கலாம். எது என்று சொல்ல ரத்தப் பரிசோதனை வேண்டும், குழந்தை நல மருத்துவர் உடல் முழுவதும் பார்க்க வேண்டும், சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்று யாராவது கவனிக்க வேண்டும். மருத்துவமனை கொடுத்த மூன்று நேரங்களும் தவறின. நர்சரிக்கு அனுப்புவது நின்றுவிட்டது. "அவங்க அப்பாவும் சின்ன வயசுல இப்படித்தான்" என்று தாய் சொல்கிறார். பையனைப் பார்த்தால் ஓடியாடுகிறான், அடிபட்ட தடம் இல்லை.

சமூகப் பணியாளர் இங்கே செய்ய வேண்டிய முதல் வேலை மனு எழுதுவதாக இருக்கக் கூடாது. மூன்று நேரங்களும் ஏன் தவறின என்று கேட்க வேண்டும். கடிதம் எந்த மொழியில் போனது? தந்தை இரவு வேலை பார்க்கிறாரா, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய மருத்துவமனையா, கூட இன்னொரு கைக்குழந்தை இருக்கிறதா? நான்காவது நேரத்தை வீட்டுக்கு அருகில், வாகனம் ஏற்பாடு செய்து, மொழிபெயர்ப்பாளரோடு, சமூகப் பணியாளரே கூட வருவதாகச் சொல்லிக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதுவும் தவறினால், அப்போது அந்தத் தவறுக்கு வேறு எடை வந்துவிடுகிறது. நீதிமன்றம் கேட்கப்போகும் முதல் கேள்வியே, "ஆணை இல்லாமல் நடக்க வைக்க நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்பதுதான். ஒரே மாதிரியான கடிதத்தை மூன்று முறை அனுப்பினேன் என்பது அதற்கு நல்ல பதிலாகாது.

அடுத்து காவல்துறை, மருத்துவத் துறை, கவுன்சில் மூவரும் கூடும் ஆலோசனை. 47ஆம் பிரிவு விசாரணை தொடங்கினால், குழந்தைப் பாதுகாப்புக் கூட்டம் தேவைப்படும்போது அது அந்த ஆலோசனையிலிருந்து 15 வேலை நாளுக்குள் நடக்க வேண்டும் என்பது அரசின் வழிகாட்டுதல். பரிசோதனை நடக்காமலேயே இந்த நாட்கள் கரைந்துபோனால் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஊகத்தை வைத்துத்தான் பேசுவார்கள். குழந்தையைப் பார்க்கவோ அதன் இருப்பிடத்தை அறியவோ மறுக்கப்பட்டால், வேறு வழியில் அதன் நலனைக் காக்க முடியும் என்று திருப்தி ஏற்படாதவரை, கவுன்சில் நீதிமன்றத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று 47ஆம் பிரிவே சொல்கிறது. அங்கே பட்டியலிடப்பட்ட ஆணைகளில் மதிப்பீட்டு ஆணையும் ஒன்று. ஆகவே போகாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அதற்கும் காரணத்தைக் கோப்பில் எழுத வேண்டும்.

முடிவைச் சமூகப் பணியாளர் தனியாக எடுப்பதில்லை. குழு மேலாளரிடம் போகும், பிறகு கவுன்சிலின் வழக்கறிஞரோடு சட்டத் திட்டமிடல் கூட்டம் நடக்கும். மனு போடப்போகிறோம் என்று பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அப்படிச் சொன்னவுடனேயே பல குடும்பங்கள் குழந்தையைக் கொண்டுவந்துவிடுகின்றன. ஆணைகளின் எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இதை மிரட்டலாகப் பயன்படுத்துவதை நாம் ஏற்க முடியாது. மூன்று நிபந்தனைகளும் நிறைவேறாத இடத்தில் "கோர்ட்டுக்குப் போவேன்" என்று வாங்கிய சம்மதம் உண்மையான சம்மதமாகாது. பிறகு நீதிமன்றத்தில் அது கவுன்சிலுக்கு எதிராகவே திரும்பும்.

ஏழு நாளை எப்படி நிரப்புவது

ஆணையில் மதிப்பீடு தொடங்க வேண்டிய தேதி குறிக்கப்படும்; அதிலிருந்து ஏழு நாளுக்கு மேல் போகாது. இவை சனி, ஞாயிறு சேர்த்து எண்ணும் நாட்கள். ஆணை கிடைத்த தேதியும் தொடங்கும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இந்த வசதியைப் பயன்படுத்தாமல், ஆணை வாங்கிய பிறகு மருத்துவமனைக்குப் போன் போட்டு நேரம் கேட்பதுதான் அடிக்கடி நடக்கும் பெரிய தவறு. குழந்தை நல மருத்துவரின் நேரம் பத்து நாள் கழித்துக் கிடைக்கும் என்றால் ஆணை வெறும் காகிதமாகிவிடும். மருத்துவர், மொழிபெயர்ப்பாளர், தேவைப்பட்டால் பேச்சுப் பயிற்சியாளர் அல்லது உளவியலாளர் என்று எல்லாருடைய நாட்களையும் முன்கூட்டியே உறுதிசெய்து, அதற்கேற்பத் தொடக்கத் தேதியைக் கேட்க வேண்டும்.

நம் எடுத்துக்காட்டுப் பையனுக்கு இப்படித் திட்டமிடலாம். செவ்வாய்க்கிழமை தொடக்கம்: காலையில் மருத்துவமனையில் எடை, உயரம், தலைச் சுற்றளவு, உடல் முழுவதும் பரிசோதனை, ரத்தம் எடுப்பது. இரண்டு வயது தாண்டிய குழந்தையைக் காலணி கழற்றி, உள்ளாடையோடு எடை பார்க்க வேண்டும்; குளிர்காலத்து உடைகளோடு பார்த்தால் எடையில் ஏற்படும் வித்தியாசம் வழக்கையே குழப்பிவிடும். புதன் அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் கவனிப்பு: என்ன தட்டில் வருகிறது, குழந்தை பசியைக் காட்டுகிறானா, தாய் அதைக் கவனிக்கிறாரா. வீட்டுக்குள் வருவதற்குப் பெற்றோரின் ஒத்துழைப்பு வேண்டும். மறுப்பார்கள் என்று தோன்றினால் இந்தக் கவனிப்பைக் குடும்ப மையத்தில் வைத்துக்கொள்ளும்படி நீதிமன்றத்திடமே உத்தரவு கேட்கலாம். வியாழன் வளர்ச்சி மதிப்பீடு. வெள்ளி பெற்றோரோடு தனித்தனியாகப் பேச்சு. திங்கள் அன்று மருத்துவரும் ஹெல்த் விசிட்டரும் சமூகப் பணியாளரும் கூடி முடிவுகளைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவுதான் ஏழு நாளுக்குள் அடங்கும். பெற்றோரின் மனநலம், குடும்ப வரலாறு, பிணைப்பு என்று எல்லாவற்றையும் அளந்துவிடலாம் என்று மனு எழுதினால் ஒன்றும் உருப்படியாக நடக்காது. கேள்வி எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு பயன். "எடைச் சரிவுக்கு உடல் நோய் காரணமா?" என்பது நல்ல கேள்வி. "பெற்றோர் தகுதியானவர்களா?" என்பது இந்த ஆணைக்குள் அடங்காத கேள்வி.

உத்தரவுகளின் வரைவைக் கவுன்சில்தான் தயாரித்துக்கொண்டு போக வேண்டும். குழந்தையை எங்கே, எத்தனை மணிக்கு, யாரிடம் கொண்டுவர வேண்டும். பரிசோதனையின்போது தாய் அறைக்குள் இருக்கலாமா. பெண் மருத்துவர் வேண்டுமா. ரத்தம், எக்ஸ்ரே, புகைப்படம் எவற்றுக்கு அனுமதி. அறிக்கை யார் யாருக்குப் போகும். இவை எழுதப்படாமல் போனால் மருத்துவமனை வாசலில் சண்டை வரும். எழுதாத பரிசோதனையைச் செய்ய மருத்துவருக்கு இந்த ஆணை அதிகாரம் தராது.

இரவில் மருத்துவமனையில் தங்க வைக்க வேண்டுமென்றால் அதற்கும் தனி உத்தரவு வேண்டும். மதிப்பீட்டுக்கு அவசியம் என்றால் மட்டுமே, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டுமே நீதிமன்றம் அனுமதிக்கும். அப்போது பெற்றோர் பார்க்க வருவதற்கான ஏற்பாட்டையும் அதே ஆணையில் சொல்லும்.

குழந்தையே மறுத்தால்

விஷயத்தைப் புரிந்து முடிவெடுக்கும் அளவுக்கு அறிவு வந்த பிள்ளை, ஆணை இருந்தாலும், மருத்துவப் பரிசோதனையையோ மனநலப் பரிசோதனையையோ வேறு மதிப்பீட்டையோ மறுக்கலாம் என்று 43ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. வயது எண் எதுவும் அதில் இல்லை. இரண்டரை வயதில் இந்தக் கேள்வி எழாது. பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் எழும். ஆகவே பெரிய பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோரைச் சம்மதிக்க வைப்பதற்கு முன்பே பிள்ளையிடம் தனியாகப் பேசி, என்ன நடக்கும், யார் பார்ப்பார், என்ன கேட்பார் என்று விளக்க வேண்டும். வீட்டில் உள்ளவர்கள் சொல்லிக்கொடுத்த மறுப்பா, பிள்ளையின் சொந்த மறுப்பா என்று கண்டுபிடிப்பது எளிதல்ல. ஒரே சந்திப்பில் முடியவே முடியாது.

இந்த வழக்கில் குழந்தைக்கென்று தனியாக ஒரு காப்பாளரை நீதிமன்றம் நியமிக்கும். இங்கிலாந்தில் இவர் காஃப்காஸ் என்ற அமைப்பிலிருந்து வருவார், வேல்ஸில் காஃப்காஸ் சிம்ரு. கவுன்சிலின் ஆளும் அல்ல, பெற்றோரின் ஆளும் அல்ல. மனு அவசியமா, கேட்ட உத்தரவுகள் அளவுக்கு மீறியவையா என்று அவர் சொல்லும் கருத்துக்கு நீதிமன்றத்தில் கனம் அதிகம்.

தமிழ்க் குடும்பங்களில் மறுப்பு எங்கிருந்து வருகிறது

ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் போன்ற இடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தச் சட்டம் வேறல்ல. ஆனால் மறுப்பின் வேர் வேறாக இருக்கலாம். "ஒருக்கா உள்ள விட்டா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவினம்" என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. சீருடைக்காரர் கதவைத் தட்டினால் என்ன நடக்கும் என்பதை இலங்கையின் போர்க்காலத்தில் நேரில் கண்டவர்களுக்கு, அரசு அலுவலர் என்றாலே உடல் பதறும். விசா நிலை உறுதியாகாதவர்களுக்கு இன்னொரு அச்சம். இவற்றை அறியாத சமூகப் பணியாளர் பயத்தை மறைப்பு என்று எழுதிவிடுவார். அறிந்தவர் பயத்தைப் போக்க முயல்வார். போக்கிய பிறகும் குழந்தை வராவிட்டால் மனுவும் உறுதியாக நிற்கும்.

மொழிபெயர்ப்பு இங்கே சின்ன விஷயமல்ல. 2000இல் லண்டனில் கொல்லப்பட்ட விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமிக்குத் தெரிந்த மொழி பிரெஞ்சு. அவள் வழக்கை விசாரித்த லார்ட் லேமிங் 2003இல் தந்த அறிக்கை, ஆங்கிலம் முதல் மொழியாக இல்லாத குழந்தையோடு பேசும்போது மொழிபெயர்ப்பாளரைப் பயன்படுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்றும் அவசரத்தில் மாமாவையோ பதினைந்து வயது அக்காவையோ வைத்துப் பேசிவிடுகிறார்கள். யார்மீது சந்தேகம் இருக்கிறதோ அவருடைய உறவினர் வாய்வழியாக வந்த பதிலை நீதிமன்றம் நம்ப முடியாது. இன்னொரு சங்கடமும் உண்டு: சமூகம் சிறியது, மொழிபெயர்ப்பாளர் அதே கோயிலுக்கு வருபவராக இருக்கலாம். பெற்றோர் வாய் திறக்காததற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். வேறு ஊரிலிருந்து தொலைபேசி வழியாக ஒருவரை ஏற்பாடு செய்வது கடினமான காரியமல்ல.

முன்னறிவிப்பு கையில் கிடைத்த பெற்றோர் தெரிந்திருக்க வேண்டியது: இந்த வழக்கில் பெற்றோருக்கு வருமானம், சொத்து எதையும் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. குழந்தைகள் வழக்கில் பழக்கமுள்ள சொலிசிட்டரை (வழக்கறிஞரை) உடனே பார்க்க வேண்டும். பரிசோதனைக்குச் சம்மதிப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்று எழுத்தில் கேட்டு வாங்கும் உரிமையும் உண்டு. எந்த மருத்துவர், எங்கே என்பதில் கருத்துச் சொல்லலாம். நியாயமான மாற்றுத் திட்டத்தோடு வரும் பெற்றோருக்கு எதிராக ஆணை வாங்குவது கவுன்சிலுக்குக் கடினம். ஏனென்றால் ஆணை பிறப்பிக்காமல் விடுவதைவிடப் பிறப்பிப்பது குழந்தைக்கு நல்லது என்றால் மட்டுமே பிறப்பிக்க வேண்டும் என்பது இந்தச் சட்டத்தின் பொது விதி.

ஆணைக்குப் பிறகு

ஆணை வந்தபின் குழந்தையைக் கொண்டுவரக்கூடிய நிலையில் இருக்கும் எவரும் கொண்டுவந்தாக வேண்டும். கொண்டுவராவிட்டால் இந்த ஆணையை வைத்துக் கதவை உடைக்க முடியாது. ஆனால் நிலைமையே மாறிவிடுகிறது. நீதிமன்றம் சொல்லியும் குழந்தையைக் காட்டவில்லை என்பது, சந்தேகத்தை நம்பிக்கையாக வலுப்படுத்தி, அவசர ஆணைக்கான மனுவுக்கு ஆதாரமாகும். ஆகவே தொடக்க நாள் காலை பத்து மணிக்குக் குழந்தை வரவில்லை என்றால் பதினொரு மணிக்கு யார் யாரை அழைப்பது என்று முதல் நாளே எழுதிவைத்திருக்க வேண்டும். வியாழக்கிழமைவரை பொறுத்துப் பார்ப்போம் என்று விட்டால் ஏழு நாளில் பாதி போய்விடும்.

நீதிமன்ற வாசலில் பெற்றோர் சம்மதித்துவிடுவது இன்னொரு வழக்கமான திருப்பம். அது நல்லதுதான். ஆனால் மனுவை அங்கேயே திரும்பப் பெறும் முன் யோசிக்க வேண்டும். ஒரு மதிப்பீட்டு மனு முடிவுக்கு வந்தபின் ஆறு மாதத்துக்குள் மீண்டும் அதே மனுவைப் போட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அதனால் தேதி, இடம், மருத்துவர் எல்லாம் குறித்த எழுத்து ஒப்பந்தத்தோடு, பரிசோதனை முடியும்வரை வழக்கை ஒத்திவைக்கக் கேட்பதே பாதுகாப்பான வழி.

ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே 2011ஆம் ஆண்டின் தனிச் சட்டப்படி ஷெரிஃப் என்ற நீதிபதி தரும் இதே பெயருள்ள ஆணை மூன்று நாளுக்கு மேல் நீடிக்காது. வட அயர்லாந்தில் இங்கிலாந்தைப் போலவே ஏழு நாள்.

முடிவு வந்ததும் கவுன்சிலின் அடுத்த அடி அதைப் பொறுத்தது. பையனுக்குச் சீலியாக் நோய் என்று ரத்தம் காட்டினால் உணவு ஆலோசகரும் மருத்துவரும் போதும்; குழந்தைப் பாதுகாப்பு விசாரணையை மூடிவிட்டு, ஏன் மூடினோம் என்று பெற்றோருக்குக் கடிதம் எழுத வேண்டும். இந்தக் கடிதத்தைப் பல கவுன்சில்கள் அனுப்பத் தவறுகின்றன. நீதிமன்றம்வரை இழுக்கப்பட்டு, பிறகு ஒரு வார்த்தையும் வராமல் விடப்பட்ட குடும்பம் அடுத்த முறை உடம்புக்கு முடியாத குழந்தையைக்கூட மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயங்கும். நோய் எதுவும் இல்லை, தனி உத்தரவு பெற்று மருத்துவமனையில் தங்கவைத்துக் கண்காணித்த இரண்டு நாளில் நன்றாகச் சாப்பிட்டு எடை ஏறினான் என்றால் குழந்தைப் பாதுகாப்புக் கூட்டம் கூடும். தேவையானால் பராமரிப்பு நடவடிக்கைக்கு அந்த அறிக்கை முதல் ஆவணமாகும். எதுவும் தெளிவாகவில்லை என்ற மூன்றாவது முடிவும் வரும். அப்போது ஆணையை நீட்டிக்க வழியில்லை. கிடைத்ததை வைத்துச் சந்தேகம் குறைந்திருக்கிறதா கூடியிருக்கிறதா என்று எழுதி, எடை பார்க்க அடுத்த தேதியைப் பெற்றோரோடு பேசிக் குறித்துக்கொண்டு, அந்தத் தேதியில் போய்ப் பார்க்க வேண்டும்.